சாண் அகலத்தில் ஓர் அடுக்களை

கொலுப்படிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன அடுக்களை செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் போய் நிற்பது சொப்புச் சாமான் கடையில்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சொப்பு என்பது குழந்தையின் கைக்கு அளவெடுத்துச் செய்தது, வீட்டுக்கு அளவெடுத்தது அல்ல. ஒரே பெட்டிக்குள் குடமும் குத்துவிளக்கும் காபி ஃபில்டரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். அப்படியே எடுத்து ஓர் அறைக்குள் வைத்தால் ஃபில்டர் அண்டாவாகிவிடும். ஆகவே சாமான் கடைசி. முதலில் அளவு.

பொம்மை வீடு செய்கிறவர்களில் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டிருப்பது 1:12. நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். விண்ட்ஸர் கோட்டையில் இருக்கும் மேரி ராணியின் பொம்மை வீடு (1924) இந்த அளவில் கட்டியதுதான். அதை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ் அதே ஆண்டுகளில் புது டெல்லியை எழுப்பிக்கொண்டிருந்தார். சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள 68 தார்ன் அறைகளும் இதே அளவு. நம் கணக்குக்கு இது வசதி: நிஜப் பொருளை அங்குலத்தில் அளந்து 2.1-ஆல் பெருக்கினால் மி.மீ. வந்துவிடும். 13 அங்குலக் குடம் 27 மி.மீ. மூன்றரை அங்குல டம்ளர் ஏழரை மி.மீ. ஐந்தடி உலக்கை 127 மி.மீ.

அளவுகோலைவிட உதவுகிற கருவி ஒன்று உண்டு. ஐவரி அட்டையில் 131 மி.மீ. உயரத்தில் ஒரு பெண்ணுருவம் (நிஜத்தில் 5 அடி 2 அங்குலம்) வெட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த நிலையில் இன்னொன்று. சொப்புக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தக் குடம் அவள் இடுப்பில் நிற்குமா, அந்த உறி அவள் கைக்கு எட்டுமா என்று பார்த்தாலே பாதிச் சாமான் கடையிலேயே தங்கிவிடும்.

இங்கே எடுத்துக்கொள்வது விறகடுப்பும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய அடுக்களை. 10 அடி அகலம், 8 அடி ஆழம்: 254 × 203 மி.மீ. முன்பக்கம் திறப்பு. நீளம், அகலம், உயரத்தை யாரும் சரியாகக் கொண்டுவந்துவிடுவார்கள். அதன் பிறகும் அறை ஏன் பொம்மையாகவே தெரிகிறது என்பதுதான் கேள்வி. காரணம் பெரும்பாலும் மூன்று: கனம் (அதாவது தடிமன்), பளபளப்பு, எடை. இவை மூன்றும் தாமாகப் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைவதில்லை. நாம்தான் குறைக்க வேண்டும்.

சுவரும் கூரையும்

சுவருக்கு 5 மி.மீ. சன்போர்டு போதும். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் துண்டு துண்டாகக் கிடைக்கும். ஆனால் 5 மி.மீ. என்பது நிஜத்தில் இரண்டரை அங்குலச் சுவர். பழைய வீட்டுச் சுவர் குறைந்தது 9 அங்குலம் இருக்கும், அதாவது 19 மி.மீ. முழுச் சுவரையும் அந்தக் கனத்தில் செய்யத் தேவையில்லை. கனம் தெரிவது கதவு, ஜன்னல், மாடம் ஆகிய மூன்று இடங்களில்தான். அந்தத் திறப்புகளைச் சுற்றிப் பின்பக்கமாக 19 மி.மீ. அகலப் பட்டையை ஒட்டிவிட்டால் சுவரே தடித்துவிடும். விளக்கு மாடத்துக்கு இது கட்டாயம். ஆழமில்லாத மாடம் சுவரில் ஒட்டிய படம் மாதிரி இருக்கும்.

சன்போர்டு வெள்ளை, ஒளியை உள்ளே விடும். விளக்குப் போட்ட பிறகு சுவர் முழுக்க மங்கலாக ஒளிர்ந்தால் எல்லாம் கெட்டது. பின்பக்கம் முழுவதும் கறுப்பு அடித்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. எம்.டி.எஃப். பலகையோ அட்டையோ ஆனால் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை அந்தப் பக்கமாக வளையும், இரு பக்கமும் பூசினால் நேராக நிற்கும்.

உட்சுவருக்கு ஒரு மி.மீ.க்கும் குறைவாகப் பட்டி பார்த்து, 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, மேலே சுண்ணாம்பு நிறம். சுத்த வெள்ளை வேண்டாம், காகிதம்போல் இருக்கும். வெள்ளை அக்ரிலிக்கில் இரண்டு சொட்டு மஞ்சள் காவியும் ஒரு பொட்டுக் கறுப்பும் கலந்தால் பழஞ்சுண்ணாம்பு வந்துவிடும். பிரஷ்ஷால் இழுக்கக்கூடாது. பிரஷ் விட்ட ஒரு மி.மீ. தடம் நிஜத்தில் அரை அங்குலப் பள்ளம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் துண்டாக்கி ஒற்றி ஒற்றி மூன்று முறை பூச வேண்டும். தரையிலிருந்து 55 மி.மீ. வரை காவிப் பட்டை அடித்தால் கண்ணுக்கு உடனே ஊர் தெரிந்துவிடும்.

ஓட்டுக்கூரையில் பலர் சறுக்குவது சரிவில். 15 டிகிரி சரிவு வைத்தால் செய்வது சுலபம், ஆனால் ஓட்டு வீட்டில் வளர்ந்த எவருக்கும் அது தகரக் கொட்டகையாகத்தான் படும். 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். முன்பக்கம் திறந்திருப்பதால் சரிவைப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும்: இடச்சுவர் 165 மி.மீ., வலச்சுவர் 305 மி.மீ. மங்களூர் ஓடு இந்த அளவில் ஏறத்தாழ 34 × 20 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதி போகக் கண்ணுக்குத் தெரிவது 27 மி.மீ. வரிசைக்குப் பத்தாகப் பதினொரு வரிசை, 110 ஓடு வேண்டும். அரைமணி நேரம் வெட்டியதும் சலிப்பு வரும், வரட்டும். ஓடு முழுக்க ஒரே செங்கல் நிறத்தில் இருக்கக்கூடாது. ஐந்து கிண்ணங்களில் ஐந்து சாயலாகக் கலந்து, சீட்டுக்கட்டு மாதிரிக் குலுக்கி ஒட்ட வேண்டும். உள்ளிருந்து பார்த்தால் தெரிவது சாய்வாக இறங்கும் கைமரமும் அதன் குறுக்கே ஓடும் ரீப்பரும்தான். ரீப்பருக்கு 4 × 2 மி.மீ. குச்சி, 27 மி.மீ. இடைவெளி. கைமரம் 8 × 6 மி.மீ., 45 மி.மீ. இடைவெளி. மரத்துக்குச் சாயம் ஏற்றுவது எப்போதும் ஒட்டுவதற்கு முன்னால். ஃபெவிகால் பட்ட இடம் சாயத்தைக் குடிக்காது, வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். பிறகு அதை எதைக் கொண்டும் மறைக்க முடியாது.

அடுப்புக்குச் சற்றுத் தள்ளி மேலே ஓர் ஓடு மட்டும் ஒட்டாமல் விட்டு, அங்கே கண்ணாடி ஓடு வைக்க வேண்டும். ஓ.எச்.பி. தாளில், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில், வெட்டிய ஒரு துண்டு போதும். எதற்கு என்பது விளக்குப் பகுதியில் வரும்.

தரை

சிவப்பு சிமெண்டுத் தரைக்கு ஓரம் கறுப்பு. பட்டி பார்த்த அட்டையை 220, 400, 600 என்று மூன்று உப்புத்தாளில் தேய்த்தால்தான் கை வழுக்கும். ஆக்சைடு சிவப்பில் துளிக் கறுப்பு சேர்த்து மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரைமணி நேரம். கறுப்பு ஓரம் 12 மி.மீ. இதன்மேல் பளபள வார்னிஷ் அடித்துவிடுவது பொதுவான தவறு. நிஜத் தரை மினுங்கும், ஆனால் ஈரமாகத் தெரியாது. பழுப்பு ஷூ பாலீஷைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் அந்த மினுமினுப்பு வரும். கால் நடமாடும் வழியில், அதாவது வாசலிலிருந்து அடுப்பு வரை, கூடுதலாகத் தேய்க்க வேண்டும். மூலையில் தேய்க்கவே வேண்டாம். புழங்கிய வீடு அப்படித்தான் இருக்கும்.

வாசல்நிலை முன்னால் கோலம் போட ஆசை வரும். மூன்றடிக் கோலம் இங்கே 76 மி.மீ. மாவு இழை நிஜத்தில் கால் அங்குலம், இங்கே அரை மி.மீ. வெள்ளை ஜெல் பேனாவின் முனை அதற்குச் சரி, பிரஷ்ஷால் போட்டால் கயிற்றைப் போட்டது மாதிரி ஆகும். மெழுகுப் பூச்சின் மேல் பேனா பிடிக்காது. கோலம் முதலில், பாலீஷ் பிறகு, கோலத்தைச் சுற்றி விட்டு.

அடுப்பு

இந்த அறையின் மையம் இதுதான். பெரிய அடுப்பு ஒன்று, அதன் அனலை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் கொடியடுப்பு ஒன்று. உயரம் 20 மி.மீ., மொத்த நீளம் 60 மி.மீ. காற்றில் காயும் களிமண்ணைக் கட்டியாகப் பிடித்துச் செய்தால் காயக்காயச் சுருங்கிப் பிளக்கும். உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி உருவம் பிடித்து, மேலே 3 மி.மீ. மண் மட்டும் போர்த்த வேண்டும். ஈரத்துணியை மேலே தளர்வாகப் போட்டு இரண்டு நாள் மெதுவாகக் காயவிட வேண்டும். மயிரிழை வெடிப்பு விழுந்தால் அழிக்க வேண்டாம். மண் அடுப்புக்கு அது அழகு. அகல வெடிப்பை மட்டும் நீர்த்த களிமண் குழம்பால் அடைக்கலாம்.

விளிம்பில் மூன்று குமிழ் இருக்க வேண்டும். குமிழ் இல்லாத அடுப்பில் பானை வாயை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும், தீ எப்படி எரியும் என்று பாட்டிகள் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள்.

விறகுக்குத் துளசித் தண்டு காய்ந்தது நல்லது. 3, 4 மி.மீ. தடிமனில் பட்டை நுணுக்கமாக இருக்கும். பெரிய மரத்தின் சுள்ளியில் பட்டை இந்த அளவுக்கு முரடு. 50 மி.மீ. நீளமாக வெட்டி, பிளேடால் நீளவாக்கில் பிளக்க வேண்டும். முழு உருண்டையாக வைத்தால் அது சுள்ளி, பிளந்தால்தான் விறகு. இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் துளைப்பூச்சி கூடவே குடிவரும்.

புகைக்கரி: ஓவியக் கரித்துண்டைப் பொடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் அடுப்பின் பின்சுவரில் கீழிருந்து மேலாக. அடியில் குறுகி, மேலே போகப்போக விரிந்து, கூரையில் போய்ப் பரவ வேண்டும். பென்சில் பொடி வேண்டாம், அது மின்னும். கரி மின்னாது. அடுப்புக்கு நேர்மேலே உள்ள ரீப்பர்களுக்கும் பூசுங்கள். சுவரை மட்டும் கறுப்பாக்கிவிட்டுக் கூரையைப் பளிச்சென்று விட்ட அடுக்களைகள் நிறைய உண்டு. புகை எங்கே போயிற்று என்றே தெரியாது.

பாத்திரங்கள்

எவர்சில்வர் தட்டின் கனம் நிஜத்தில் ஏறத்தாழ ஒரு மி.மீ. பன்னிரண்டில் ஒன்று 0.08 மி.மீ. A4 தாளே 0.1 மி.மீ. என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். களிமண்ணிலோ வார்த்த பிளாஸ்டிக்கிலோ செய்த தட்டு எப்போதுமே மாவுக்கல் தட்டாகத்தான் தெரியும். பார்சல் சாப்பாடு வரும் அலுமினியத் தட்டை வெட்டி, பழைய பேனாவின் உருண்ட முனையால் ரப்பர் மேல் வைத்து அழுத்தினால் விளிம்பு எழும்பித் தட்டாகிவிடும். குளிர்பான டப்பாவின் தகடு அரிவாள்மணைக்கு: இரண்டு அடுக்கு ஒட்டி, 21 மி.மீ. நீளத்தில் பிறை வடிவாக வெட்டி, 34 மி.மீ. பலகையில் பொருத்தலாம். விளிம்பு நிஜமாகவே வெட்டும், குழந்தைகள் தொடும் இடமானால் உப்புத்தாளில் மழுக்கிவிட வேண்டும்.

பித்தளைக்குப் பித்தளையே வேண்டும். தங்கப் பெயின்ட் எந்த ஒளியிலும் பெயின்ட்தான். ஃபேன்சி கடையில் கிடைக்கும் ஜிமிக்கிக் கூடை கவிழ்த்தால் வெண்கலப்பானை. இரண்டு மணித்தொப்பிகளை (மாலை மணியின் முனையில் கோர்க்கும் சின்னக் கிண்ணம்) வாயோடு வாய் சேர்த்து, மேலே ஐலெட் (துணித் துளைக்குப் போடும் உலோக வளையம்) ஒன்றை வைத்தால் குடம். டிச் பட்டனின் ஒரு பாதி, மூடி. ஒட்டிய பிறகு பழுப்பு அக்ரிலிக் ஒரு பங்குக்குத் தண்ணீர் எட்டுப் பங்கு கலந்து பூசி, ஈரம் காயுமுன் துடைத்துவிட்டால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு தங்கும். அடுப்பில் ஏறும் பாத்திரங்களின் அடியில் கரிப்பொடி. எல்லாவற்றையும் அழுக்காக்க வேண்டாம். தண்ணீர்க் குடம் மட்டும் புளி போட்டுத் தேய்த்ததுபோல் பளிச்சென்று இருக்கட்டும், நம் வீடுகளில் அப்படித்தான்.

இந்த அறையில் பளபளப்பு பொருந்துகிற இன்னொரு இடம் ஊறுகாய் ஜாடி. 23 மி.மீ. உயரம், கீழே வெள்ளை, தோளிலிருந்து மேலே பழுப்பு, முழுக்கப் பளபள வார்னிஷ். வாய்க்கு வேடு கட்டத் துணி உதவாது. மெல்லிய மல்மல் துணிகூட 0.2 மி.மீ. இருக்கும், பன்னிரண்டு மடங்கு பெருக்கினால் ஜமக்காளம். டிஷ்யூ பேப்பரைப் பிரித்து ஒற்றை ஏடாக எடுத்துக் கட்ட வேண்டும்.

அம்மி 38 × 20 மி.மீ., குழவி 25 மி.மீ. சாம்பல் நிறக் களிமண்ணில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு துணுக்குகளை முழுதாகக் கலக்காமல் பிசைந்தால் கருங்கல் வரும். காய்வதற்கு முன் ஊசிமுனையால் நெருக்கமாகக் குத்திவிடுங்கள், கொத்தாத அம்மியில் என்ன அரைபடும்? நடுவில் மஞ்சள் பென்சில் சீவலைத் தேய்த்தால் மஞ்சள் அரைத்த கறை. கல்லுக்காக உப்பைத் தூவுகிறவர்கள் உண்டு. மழைக்காலத்தில் உப்பு கசிந்து எல்லாவற்றையும் பாழாக்கும்.

தானியங்களுக்குச் சரக்கறையிலேயே பாதி விடை இருக்கிறது. ரவை இந்த அளவில் அரிசி. மிளகு ஆரஞ்சுப் பழ அளவாகிவிடும், ஆகவே மிளகாக மிளகை வைக்க முடியாது. கரித்துகள்தான் மிளகு. இட்லி ஏழரை மி.மீ. வட்டம், தோசை 21 மி.மீ., வாழையிலை 42 மி.மீ. ரவையை வாணலியில் நன்றாக வறுத்து, நீர்த்த ஃபெவிகாலில் பிசைந்து முறத்தில் ஒட்டிவிட வேண்டும். சும்மா கொட்டி வைத்தால் அடுத்த கொலுவுக்குள் வண்டு.

தண்ணீர்க் குடத்தில் நிஜத் தண்ணீர் ஊற்ற நினைக்க வேண்டாம். தண்ணீர்த் துளி சிறிதாவதில்லை. 4 மி.மீ. சொட்டு இந்த அறையில் ஐந்து செ.மீ. உருண்டை. யூ.வி. ரெசினை (புற ஊதா ஒளி பட்டால் இறுகும் தெளிந்த பிசின்) 2 மி.மீ.க்கு மிகாமல் ஊற்றி அந்த ஒளியில் இறுகவிட்டால் போதும், அடியில் கறுப்பு பூசியிருந்தால் ஆழம் தெரியும். வெள்ளைப் பசை காய்ந்தால் தெளியும் என்றாலும் ஈரக்காற்றில் மறுபடி பால் நிறமாகும்.

தொங்குகிறவை

எடை பற்றிச் சொல்ல வேண்டியது இங்கேதான். உறிக்கயிறு, கொடியில் காயும் துண்டு, கரித்துணி எல்லாம் நிஜத்தில் தம் எடையால் தொங்குகின்றன. இந்த அளவில் நூலுக்குத் தொங்கத் தெரியாது, நெளிந்து நிற்கும். உறிக்கு மூன்று நூலை முறுக்கி, ஃபெவிகால் ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று கலந்ததில் நனைத்து, கீழே ஜெம் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிட வேண்டும். காலையில் கிளிப்பைக் கழற்றினாலும் நேராக நிற்கும். துண்டையும் அதே பசைநீரில் நனைத்து, நெகிழித்தாள் சுற்றிய தெர்மகோலில் மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காயவைக்கலாம். மடிப்பின் அடி உள்வாங்கியிருக்க வேண்டும், பாவாடை மாதிரி விரியக்கூடாது. இதற்கு அரிசிக்கஞ்சி கைக்கு வசதிதான், ஆனால் கஞ்சி போட்டதைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும்.

தெர்மகோலும் ஃபோம்போர்டும் உள்ள இடத்தில் சூப்பர் க்ளூவையும் கரைப்பான் கலந்த பசையையும் எடுக்கக்கூடாது, தின்றுவிடும். ஓ.எச்.பி. தாள் பக்கத்திலும் சூப்பர் க்ளூ வேண்டாம், ஆவி படிந்து வெளுக்கும்.

விளக்கு

அடுக்களைக்கு இரண்டு ஒளி போதும். கண்ணாடி ஓட்டின் வழியே சாய்வாக விழும் பகல், அடுப்பில் தீ. கூரைக்குள் ஸ்ட்ரிப் லைட் ஒட்டி அறை முழுதும் வெளிச்சமாக்கினால் பூசிய கரியெல்லாம் வீண். பகலுக்கு ஒரு வெள்ளை எல்.இ.டி.யைக் கூரைக்கு மேலே ஐந்து செ.மீ. உயரத்தில் சாய்த்துப் பொருத்த வேண்டும். 5 வோல்ட் சார்ஜரானால் எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் தனியாக 220 ஓம் ரெசிஸ்டர், நீளக்கால் பாசிட்டிவ். தீக்கு, பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் மெழுகுவர்த்தியைப் பிரித்து உள்ளிருக்கும் மினுக்கும் எல்.இ.டி.யை எடுத்துக்கொள்ளலாம். மினுக்கும் வேலை பெரும்பாலும் அந்த எல்.இ.டி.க்குள்ளேயே இருக்கிறது. அதை நேரே காட்டக்கூடாது. அடுப்பின் அடியில் புதைத்து, மேலே ஆரஞ்சு ஜிகினாத்தாளைக் கசக்கிப் போட்டு, அதன்மேல் கரித்துண்டும் விறகும் அடுக்க வேண்டும்.

பவர் பேங்கில் இணைத்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். பழுது தேடி வயரை எல்லாம் பிரிக்க வேண்டாம். இரண்டு எல்.இ.டி. இழுக்கும் 20 மில்லி ஆம்பியர் மிகக் குறைவு, எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து அதுவே நின்றுகொள்கிறது. சார்ஜரோ மூன்று ஏ.ஏ. பேட்டரியோ (அப்போது 150 ஓம்) பயன்படுத்த வேண்டும்.

பின்ஜன்னலுக்கு வெளியே கிணற்றடி தெரிய வேண்டுமானால் படத்தை ஜன்னலில் ஒட்டாதீர்கள். நாலைந்து செ.மீ. பின்னால் வளைத்து நிறுத்தி, கொஞ்சம் மங்கலாக அச்சிடுங்கள். ஜன்னல் கம்பிக்கு ஒரு மி.மீ. கம்பி, பல் குச்சி இங்கே ஓர் அங்குலத் தடி.

சாமான்களை நிரந்தரமாக ஒட்டுவதைவிடத் தேன்மெழுகை விரல் சூட்டில் உருட்டி, கடுகளவு அடியில் வைத்து அழுத்துவது நல்லது. படி ஆடினாலும் விழாது, வேண்டும்போது முறுக்கினால் வந்துவிடும். வைத்து முடித்ததும் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையை ஒட்டி இருக்கும்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தப்பியதெல்லாம் அதில் வரும்: மிதக்கும் குடம், சுவரோடு சேராத பலகை, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு தலைமுடி. அந்தத் தலைமுடி நம் அட்டைப் பெண்ணின் கைக்குக் கயிறு.